12 சதவீதக் கடனுக்கு உண்மையில் எவ்வளவு வட்டி?

கேள்வி: மகளிர் குழு மூலம் 10,000 கடன் தருகிறார்கள். 12 சதவீத ஃபிளாட் வட்டி. மாதம் 933 வீதம் 12 தவணை. தையல் மெஷின் வாங்கித் தொழில் தொடங்கலாமா? குடும்பம் கரையேறுமா?

பதில்: ஃபிளாட் வட்டி என்றால் கடைசி மாதம் வரை முழு 10,000-க்கும் வட்டி போடுவார்கள். நீங்களோ மாதாமாதம் அசலையும் சேர்த்துக் கட்டி வருகிறீர்கள். ஆறு தவணை முடிந்ததும் அசலில் பாதிதான் பாக்கி. ஆண்டுச் சராசரி எடுத்தால் சுமார் 5,400. அந்தப் பணத்துக்குத்தான் 1,200 வட்டி கட்டுகிறீர்கள். மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் இது ஏறக்குறைய 21.5 சதவீதம். செலவுக் கட்டணம் என்று 200-ஐ முன்கூட்டியே பிடித்தால் 25-ஐத் தாண்டும். காப்பீடு, கட்டாயச் சேமிப்பு என்று வேறு பிடித்தம் இருந்தால் இன்னும் ஏறும். கையில் வருவது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்தக் கடனே வேண்டாம்.

வட்டியை விடப் பெரிய சிக்கல் தவணைத் தேதி. வாரம் ஒருமுறை சரக்கு வாங்கி விற்கிறவர் இந்த வட்டியைத் தாங்குவார். போட்ட பணம் ஆண்டுக்கு ஐம்பது முறை சுழல்கிறது. மெஷின் அப்படியல்ல. வாடிக்கை பிடிக்கவே சில மாதம் ஆகும், தவணையோ அடுத்த மாதமே வந்து நிற்கும். பலர் வாங்கிய கடனிலிருந்தே முதல் தவணைகளைக் கட்டுகிறார்கள், பிறகு அதை அடைக்க இன்னொரு இடத்தில் வாங்குகிறார்கள். ஒரே வீட்டுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்ததன் விளைவை 2010-இல் ஆந்திரா பார்த்தது: கடன் சுமையில் தற்கொலைகள் நடந்தன, அரசு தலையிட்டது. கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்தபோது தொழிலில் முதலீடும் லாபமும் கூடின. கட்டத் தவறியவர்களும் கூடினார்கள். அதனால்தான் நிறுவனங்கள் அவகாசம் தர யோசிக்கின்றன. இருந்தாலும் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நஷ்டமில்லை.

கரையேறுமா என்றால், கடன் மட்டும் கரையேற்றாது. ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்த வங்கதேசத்தின் முகமது யூனுஸுக்கும் அவர் நிறுவிய கிராமின் வங்கிக்கும் 2006-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது எதிர்பார்ப்பு வானளவு இருந்தது. இந்தியா, மொராக்கோ, மெக்சிகோ உட்பட ஆறு நாடுகளில் இத்தகைய சிறுகடன் பற்றி நடந்த ஆய்வுகள் 2015-இல் சேர்ந்து வெளியாயின. சராசரிக் குடும்ப வருமானத்தில் பெரிய ஏற்றம் எதிலும் தெரியவில்லை. ஏற்கெனவே தொழில் நடத்தியவர்களில் சிலர் அதைப் பெருக்கினார்கள், அவ்வளவுதான்.

கடந்த ஓராண்டில் வருமானம் மிகக் குறைந்த மாதத்தை எடுங்கள். வீட்டுச் செலவு போக அந்த மாதம் மிஞ்சியதில் பாதிக்குள் 933 அடங்க வேண்டும். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள்; வேண்டுமென்றால் மற்றவர்களின் வருமானம் தவணைக்குத் தாங்குமா என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

முடிந்தால் மூன்று மாதம் வாடகை மெஷினில் தைத்துப் பாருங்கள். வாடகையும் நூல் செலவும் போக மாதம் 933-க்கு மேல் நின்றால் கடன் வாங்குங்கள்.