பெரிய காலிபர் ரிவால்வர் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

டெக்ஸாஸில் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறேன். வீட்டுப் பாதுகாப்புக்கும் உடம்போடு மறைத்து எடுத்துச் செல்வதற்கும் ரிவால்வர் பற்றி நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன். சட்டம் பற்றி நான் சொல்வது அமெரிக்க மத்தியச் சட்டத்தையும் டெக்ஸாஸ் சட்டத்தையும் வைத்துத்தான். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க் எல்லாம் வேறு உலகம், அங்கே இருப்பவர்கள் உங்கள் மாநில விதியைப் படித்த பிறகே கடைக்குப் போங்கள்.

அண்ணா, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வீட்டுக்கு ஒரு 44 மேக்னம் வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்த மாடல் நல்லது?

மாடல் இருக்கட்டும் தம்பி. எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டமே தடை போடுகிறது. இதற்குச் சில விலக்குகள் உண்டு, அதில் பலரும் பயன்படுத்துவது ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம். அது கையில் இல்லாமல் சுடும் பயிற்சி ரேஞ்சில் நண்பருடைய துப்பாக்கியை வாங்கி நாலு குண்டு சுடுவதும் இதே தடைக்குள் வந்துவிடும். மீறினால் 15 வருஷம் வரை சிறை என்று 2022-இல் தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள், கிரீன் கார்டு கனவு போவது தனி. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதை நேராகவே கேட்பார்கள், அங்கே பொய் எழுதுவது இன்னொரு குற்றம். "மனைவி பேரில் வாங்கிக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்கிறார்கள். உங்களுக்காக அவர் வாங்கினால் அதுவும் குற்றம், அவருக்கே சொந்தமாக இருந்தாலும் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் சிக்கல்தான். முதலில் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்த மத்தியத் தடை கிடையாது.

357 மேக்னம், 44, 45 – மூன்றில் எது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடைக்காரர் 44 மேக்னம்தான் என்கிறார்.

என்னைக் கேட்டால் பெரிய தோட்டாவை எடுங்கள், ஆனால் மெதுவாகப் போகிற தோட்டாவை எடுங்கள். இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். காலிபர், அதாவது குண்டின் விட்டம், பெரிதானால் சுடும்போது கையில் வரும் உதையும் பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு கூட்டம் பயந்து ஒதுங்குகிறது, இன்னொரு கூட்டம் அதற்காகவே போய் வாங்கி, ஒரு பெட்டி சுட்டு முடிப்பதற்குள் கை வலித்து அலமாரியில் போட்டுவிடுகிறது.

44 ஸ்பெஷல் 1907-இல் வந்த தோட்டா. அதன் பித்தளைக் கூட்டைக் கொஞ்சம் நீட்டி, அழுத்தத்தை நன்றாக ஏற்றி 1955-ஐ ஒட்டிக் கொண்டுவந்ததுதான் 44 மேக்னம். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. தற்காப்புக்கு விற்கும் ஒரு 44 ஸ்பெஷல் ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் குண்டு), 200 கிரெய்ன் எடை, நொடிக்கு 875 அடி வேகம், சுமார் 340 ஃபுட்-பவுண்ட் ஆற்றல். 44 மேக்னத்தில் 240 கிரெய்ன் குண்டு 1180 அடி வேகத்தில் போகும்போது அது 740-ஐத் தாண்டுகிறது. கரடி நடமாடும் அலாஸ்கா ஆற்றங்கரையில் அது அர்த்தமுள்ளது. கேட்டி நகரத்தில் படுக்கையறையிலிருந்து வராந்தா வரை இருக்கும் தூரத்துக்கு அது வேண்டாம்.

"அப்போ பலம் குறைவுதானே" என்று கேட்பீர்கள். 1986-இல் மயாமியில் எஃப்பிஐ ஆட்கள் மாட்டிக்கொண்ட அந்தத் துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒரு அளவுகோல் வைத்தார்கள்: சோதனை ஜெல்லில் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது. கைத்துப்பாக்கிக் குண்டில் ஆழமும் விழுகிற இடமும்தான் பேசும், மீதியெல்லாம் அதற்கு அடுத்தது. குட்டைக் குழலில் வேகம் குறைவதால் ஹாலோ பாயிண்ட் சில நேரம் விரியாமலே போகும். அப்படிப் போனாலும் 44-ம் 45-ம் ஆரம்பத்திலேயே அகலமானவை, அதனால்தான் எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை.

357 மேக்னத்தைக் குறை சொல்லவில்லை. 1935-இல் வந்தது, இன்றைக்கும் 4 அங்குலக் குழலில் அருமையான தோட்டா. ஆனால் 2 அங்குலக் குழலில் அதைச் சுட்டால் வேகத்தில் ஒரு பங்கு போய்விடும், நெருப்பும் சத்தமும் மட்டும் பாக்கி. அதில் ஒரு பெரிய வசதி, 38 ஸ்பெஷலையும் அதே துப்பாக்கியில் சுடலாம், பயிற்சிச் செலவு குறையும். முதல் ரிவால்வர் என்றால், வருஷத்துக்கு நிறையச் சுடப் போகிறவர் என்றால், 357-ஐ வாங்கி 38 பிளஸ்-பி (அழுத்தம் கூட்டிய 38 ஸ்பெஷல்) போட்டு வைத்துக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை. 44 ஸ்பெஷல் தோட்டா விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது, இது நிஜமான குறை.

45-இல் இரண்டு வகை. 45 கோல்ட் 1873-இலிருந்து இருக்கும் பழைய தோட்டா. அதில் சில கம்பெனிகள் அழுத்தம் கூட்டிய தோட்டா விற்கிறார்கள், உறுதியான சில துப்பாக்கிகளுக்கு மட்டும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் பழைய ரிவால்வரில் போட்டால் சிலிண்டர் வெடிக்கும். 45 ஏசிபி என்பது பிஸ்டல் தோட்டா, மூன் கிளிப் என்ற தகட்டு வளையத்தில் கோத்து ரிவால்வரில் போடலாம். முதல் உலகப் போரில் 1917 மாடல் ரிவால்வர்களுக்காக வந்த ஏற்பாடு அது. மொத்தமாக உள்ளே போகும், மொத்தமாக வெளியே வரும். ரிவால்வரில் இதைவிட வேகமாக நிரப்ப வழி இல்லை. ஆனால் வளையம் கொஞ்சம் வளைந்துவிட்டால் சிலிண்டர் சுற்றாது, அதனால் சட்டைப் பையில் சாவியோடு போட்டு வைக்காதீர்கள்.

துப்பாக்கிப் பெயர் கேட்பவர்களுக்கு: மறைத்து எடுத்துச் செல்ல சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக், 44 ஸ்பெஷல், 5 குண்டு, சுமார் 20 அவுன்ஸ்தான். 1973-இலிருந்து வருகிறது. நிறையச் சுடுகிறவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன், நிறைய எடுத்துச் சென்று அளவாகச் சுடுகிறவர்களுக்குச் சொல்வேன். வீட்டுக்கும் வெளிக்கும் ஒன்றே போதும் என்றால் ரூகர் ஜிபி100, 3 அங்குலக் குழல், 44 ஸ்பெஷல், 36 அவுன்ஸ். கிடைத்தால் விடாதீர்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 69, 2.75 அங்குலக் குழல், பேருக்கு 44 மேக்னம், நீங்கள் ஸ்பெஷல் போட்டுச் சுடுங்கள்.

25 அவுன்ஸில் 44 மேக்னம் இருக்கிறதாமே? இடுப்பில் கனமே தெரியாதாம்.

இருக்கிறது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 329பிடி, ஸ்கேண்டியம் சேர்ந்த உலோகச் சட்டகம். நாள் முழுக்க மலையில் நடக்கிறவர்களுக்காகச் செய்தது. எடை குறைந்தால் அந்த உதை முழுக்க உங்கள் கைக்கு வருகிறது. அதோடு இன்னொரு விஷயம், இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள்: எடை குறைந்த ரிவால்வரில் உதையின் அதிர்ச்சியில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டை விட்டு முன்னால் நகர்ந்து வெளியே துருத்தும், சிலிண்டர் அப்படியே பூட்டிக்கொள்ளும். அவசரத்தில் அதைச் சரிசெய்ய நேரமே இருக்காது. 340பிடி என்ற குட்டி 357-இன் குழலில் 120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டு போடாதே என்று பொறித்திருப்பது வேறு காரணத்துக்கு, டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரம் அரிக்காமல் இருக்க. நீங்கள் போடப் போகும் தோட்டாவில் ஒன்றை மட்டும் சிலிண்டரில் கடைசியாக விட்டு, மற்றதையெல்லாம் சுட்டுப் பாருங்கள். பிறகு அந்த ஒன்றை வெளியே எடுத்து, நீளம் மாறியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மாறியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

டாரஸ் ஜட்ஜ்? 410 ஷாட்கன் தோட்டாவும் போகும், 45 கோல்ட்டும் போகும். குறி பார்க்கவே வேண்டாம் என்று நண்பர் சொன்னார்.

குறி பார்க்க வேண்டாம் என்று சொல்கிற எந்தத் துப்பாக்கியையும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். நீங்கள் சுடுகிற ஒவ்வொரு சிறு குண்டுக்கும் நீங்களே பொறுப்பு, பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது. பறவைக்கான பொடிக் குண்டு ஆளை நிறுத்தும் ஆழத்துக்குப் போகாது. பெரிய 000 பக் (பருமனான ஈயக் குண்டுகள்) போட்டால் இரண்டரை அங்குலத் தோட்டாவில் பொதுவாக நாலே நாலு குண்டுதான், அதையும் குழலுக்குள் இருக்கும் மரை சுழற்றிச் சிதற விடுகிறது. 45 கோல்ட் அந்த நீளமான சிலிண்டரில் ரொம்ப தூரம் தாவி குழலுக்குள் நுழைய வேண்டும், துல்லியம் அடிபடும். இவ்வளவு பெரிய உருவத்தை மறைப்பதும் கஷ்டம். கலிஃபோர்னியாவில் இது சட்டவிரோதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6 அங்குலக் குழல் வைத்துக்கொண்டால் வீட்டில் உதவுமா?

வேட்டைக்கு உதவும். கதவு மூலையில் திரும்பும்போது இடிக்கும், எதிரில் இருப்பவன் பிடித்து இழுக்கவும் வசதி. 3 அல்லது 4 போதும்.

கணவர் ஆசையாக ஒரு 44 வாங்கி வந்தார். என் விரல் டிரிகருக்குச் சரியாக எட்டவே இல்லை. ஹாமரைப் பின்னால் இழுத்து வைத்துச் சுடு, லேசாக இருக்கும் என்கிறார். சரியா, சார்?

இல்லைம்மா, சரியில்லை. ஹாமர் என்கிற அந்தப் பின் சுத்தியலை இழுத்து வைத்தால் டிரிகர் மெல்லத் தொட்டாலே விழும். பதற்றத்தில் கை நடுங்கும்போது, எதிரில் நிற்பவர் சரணடைந்து கையைத் தூக்கிவிட்ட பிறகு, அந்தத் தொடுதல் தெரியாமலே நடந்துவிடும், அப்புறம் நீதிமன்றத்தில் பதில் சொல்வது நீங்கள். தற்காப்பில் எப்போதும் ஹாமரைத் தொடாமல் டிரிகரை மட்டும் இழுத்துச் சுடும் டபுள் ஆக்‌ஷன், 10–12 பவுண்ட் முழு இழுப்பு. அந்த நீண்ட இழுப்புதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

விரல் எட்டாதது உங்கள் குறை இல்லை, துப்பாக்கிச் சட்டகத்தின் அளவு உங்கள் கைக்குப் பெரிது. முதலில் மெல்லிய பிடி மாற்றிப் பாருங்கள். அப்போதும் விரல் நுனி டிரிகர் நடுவில் நேராக உட்காராவிட்டால் அதை அவரிடமே விட்டுவிட்டு உங்களுக்கு நடுத்தர அளவு 357 ஒன்று வாங்கி 38 போட்டுச் சுடுங்கள். ஸ்பிரிங்கை மாற்றி இழுப்பை லேசாக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஹாமர் அடி குறைந்து தோட்டா வெடிக்காமல் போகும். இடது கட்டைவிரல் சிலிண்டருக்கு முன்னால் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் வரும் சூடான வாயு தோலைக் கிழிக்கும். கைப்பையில் போட்டுக்கொண்டு போவதும் எனக்குப் பிடிக்காது. பையைக் கடையில் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு இரண்டு அடி நகர்கிறோம், அந்த நேரத்தில் அது உங்களிடம் இல்லை.

வீட்டில் இரண்டு குழந்தைகள். படுக்கைக்குப் பக்கத்தில் குண்டு போட்டே வைக்கலாமா? ஊரிலிருந்து அம்மா அப்பாவும் வந்திருக்கிறார்கள்.

குண்டு போட்டு வைக்கலாம், பூட்டுக்குள். விரலால் எண் அழுத்தித் திறக்கும் சின்னப் பெட்டி, சுவரிலோ கட்டிலிலோ திருகி இறுக்கியது. தலையணைக்கு அடியில், அலமாரி உச்சியில், மேசை இழுப்பறையில் என்பதெல்லாம் குழந்தை கண்டுபிடிக்கும் இடங்கள். டபுள் ஆக்‌ஷன் டிரிகரைச் சின்னப் பிள்ளையால் இழுக்க முடியாது என்று நம்பாதீர்கள், இரண்டு கைக் கட்டைவிரலையும் போட்டு இழுத்துவிடும். டெக்ஸாஸில் 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது அவர் கைக்குப் போய்விட்டால் அதுவே தனிக் குற்றம். வளர்ந்த பிள்ளையோ வேறு யாரோ மனசு உடைந்து இருக்கிற காலம் என்றால் பெட்டியும் போதாது, துப்பாக்கியை வீட்டை விட்டே வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

அம்மா அப்பா வந்திருப்பதைச் சொன்னீர்களே, அதுதான் எனக்கு இந்தக் கேள்வியில் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஊரிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம் அவர்களுக்குப் பகல் எது ராத்திரி எது என்று தெரியாது. விளக்குப் போட்டால் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று இருட்டிலேயே சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேடுவார் அப்பா. நீங்கள் சத்தம் கேட்டு எழுகிறீர்கள். கையில் நல்ல டார்ச் இல்லாமல், "யாரு?" என்று உரக்கக் கேட்காமல், முகத்தைப் பார்க்காமல் டிரிகரில் விரல் போகவே கூடாது. முதலில் வீட்டில் யார் யார் எந்த அறையில் என்று எண்ணிப் பாருங்கள். எல்லாரும் ஒரே அறையில் கூடி, கதவைப் பூட்டி, 911-ஐ அழைத்து, துப்பாக்கியைக் கதவைப் பார்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் திட்டம். வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போவது திட்டம் இல்லை.

இந்த ஊர் வீட்டுச் சுவர் ஜிப்சம் அட்டை, செங்கல் இல்லை. நான் சொன்ன எந்தத் தோட்டாவும் பல சுவர்களைத் தாண்டிப் போகும். மூடிய அறைக்குள் 357 மேக்னத்தின் சத்தம் 160 டெசிபல் பக்கம் வரும், 140-ஐத் தாண்டினாலே காது நிரந்தரமாகக் கெடலாம். மெதுவான தோட்டா என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோவிலுக்குப் போகும்போது இடுப்பில் இருக்கலாமா?

வாசலில் தடைப் பலகை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதோடு சரி. இல்லாவிட்டாலும் நிர்வாகத்திடம் கேளுங்கள். அதற்கு மேல், தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறோம், விழுந்து கும்பிடுகிறோம், வேட்டி கட்டியிருக்கிறோம். உறுதியான பெல்ட் இல்லாத உடையில் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) நிற்காது. காரில் இரும்புக் கம்பியால் சீட்டோடு கட்டிய பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள், அதையும் கோவில் வாகன நிறுத்தத்தில் எல்லாரும் பார்க்க எடுத்து வைக்காமல், வழியிலேயே செய்துவிடுங்கள்.

அடுத்த மாதம் சென்னை போகிறோம். துப்பாக்கி சம்பந்தமாக ஏதாவது கவனிக்கணுமா?

ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையையும் பயணப் பையையும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள். ஓரத்தில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா போதும், திரும்பி வரும்போது விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் இருந்தது என்று நிரூபித்து வெளியே வர மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும், அதற்குள் இங்கே வேலை என்ன ஆகும் யோசியுங்கள். பையைத் தலைகீழாகக் கொட்டி உதறுங்கள், லைனிங் கிழிசலுக்குள் கை விட்டுப் பாருங்கள்.

5 குண்டு போதுமா? பிஸ்டலில் 15 போகிறதே.

எண்ணிக்கை முக்கியம் என்று நினைப்பவர் பிஸ்டல் வாங்குவதே நல்லது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ரிவால்வரை எடுப்பவர், தோட்டாக்களைக் கோத்து வைத்துச் சட்டென்று நிரப்ப ஒரு ஸ்பீட்லோடரோ ஸ்பீட் ஸ்டிரிப்போ கூட வைத்திருங்கள். ரொம்பத் தட்டையாகப் பையில் கிடப்பது ஸ்டிரிப், வேகமாக நிரப்புவது லோடர். குழலை வானம் பார்க்கத் தூக்கி எஜெக்டர் கம்பியை ஒரே அடியாக அடித்துக் காலிக் கூடுகளைக் கொட்டப் பழகுங்கள். குட்டைக் குழல் துப்பாக்கிகளில் அந்தக் கம்பியும் குட்டை, நீளமான கூடுகள் பாதியில் நின்றுவிடும்.

தினமும் பத்து நிமிடம் வெறும் துப்பாக்கியில் டிரிகர் இழுத்துப் பழகினால் ரேஞ்சில் வித்தியாசம் தெரியும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டரைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குண்டைத் தடுக்கும் கனமான சுவர் பக்கம் நீட்டி இழுங்கள். முன் குறி அசையாமல் ஹாமர் விழ வேண்டும். ரேஞ்சில் 7 கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் 5 குண்டும் டபுள் ஆக்‌ஷனில், அவசரமாகச் சுட்டும், விழுகிற வரை எடுத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். 44-இல் அது வரவில்லை, 38-இல் வருகிறது என்றால் 38-ஐ எடுத்துக்கொண்டு போங்கள்.