டிரிப் மெஷினில் தண்ணீர் தேங்கி வழிவது ஏன்?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகன் டிரிப் காபி மெஷின் வாங்கி வந்தான். எப்போதும் வாங்கும் சிக்கரி கலந்த பொடியைப் போட்டால் தண்ணீர் உள்ளே வைக்கும் வடிகட்டிப் பேப்பரில் தேங்கி வழிகிறது. இறங்கியதில் பால் விட்டால் சப்பென்று இருக்கிறது. மெஷினில் கோளாறா?

பதில்: மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. பொடியை மாற்றினால் போதும்.

நம் எவர்சில்வர் ஃபில்டருக்கு அரைக்கும் பொடி நைஸாக இருக்கும். சிக்கரி வேறு தண்ணீர் பட்டதும் ஊறி உப்பிக்கொள்ளும். எவர்சில்வரில் அது நல்லதுதான். தண்ணீர் நிதானமாக இறங்கி டிக்காஷன் கெட்டியாகும். பேப்பரின் கண்கள் மிக நுண்ணியவை, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மெஷின் பாட்டுக்கு மேலே தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் வழியாமல் என்ன செய்யும்?

பால் விட்டால் சப்பென்று இருப்பது ஏன் என்பதற்கு, அந்தப் பேப்பர் வந்த கதையே பதில். டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசிக்குக் காபியில் தங்கும் மண்டியும் கசப்பும் பிடிக்கவில்லை. பித்தளைப் பாத்திரம் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளை வெட்டி உள்ளே வைத்து வடித்தார். 1908 ஜூனில் பெர்லின் காப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்துவிட்டார். அடுப்படியிலேயே பிறந்த இந்த யோசனை எனக்கு இன்றும் வியப்புதான். அவர் தேடியது மண்டியில்லாத, தெளிந்த கறுப்புக் காபி. 1954-ல் ஜெர்மனியில் வந்த விகோமாட் மின்சார மெஷினும், 1972-ல் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த ‘மிஸ்டர் காபி’ மெஷினும் அதே காபியைத்தான் போட்டன. பால் கலக்கும் கெட்டி டிக்காஷன் இவற்றின் கணக்கிலேயே இல்லை.

சரி, இனி இப்படிச் செய்து பாருங்கள். சிக்கரி இல்லாத கொட்டையைக் கடையில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். விரலில் தேய்த்தால் ரவைபோல நெருட வேண்டும், மாவுபோல ஒட்டக்கூடாது. அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பொடி. பேப்பரை முதலில் வெந்நீரால் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காகித வாசனை வராது. இறங்கிய காபியைச் சூடு தட்டின் மேலேயே விட்டுவைக்காதீர்கள், கடுத்துப்போகும்; ஃபிளாஸ்கில் ஊற்றிவிடுங்கள். பால் காபிக்கு எவர்சில்வர் ஃபில்டரை விடவே வேண்டாம்.

இன்னொன்று. இந்த மெஷின்கள் பெரும்பாலானவற்றில் பம்ப் கிடையாது. அடியிலுள்ள சிறு குழாயில் தண்ணீர் கொதித்து, ஆவிக் குமிழ்கள்தான் அதை மேலே தள்ளுகின்றன. குடகுடவென்று கேட்பது அந்தச் சத்தம். போர் தண்ணீர் ஊற்றினால் குழாயில் உப்பு படிந்து, காபி இறங்க வழக்கத்தைவிட நேரமாகும். அப்போது வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு வாசனை போகும்வரை இரண்டு மூன்று முறை வெறும் தண்ணீர்.