வயல் மோட்டார் கொட்டகையில் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகை வைக்கிறேன். எஸ்டி கார்டிலிருந்து பூட் செய்வதா, பென் டிரைவா, எஸ்எஸ்டியா?

மன்னார்குடிப் பக்கம் போர்செட் கொட்டகை, நீர்மட்ட சென்சார், மோட்டார் ஓடிய நேரக் கணக்கு, கூடவே ஒரு கேமராப் பதிவு என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா இருக்கிற வரைக்கும் என் பதில் எஸ்எஸ்டிதான், அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் ஃபிளாஷ் மெமரி டிரைவ். கேமராவை எடுத்துவிட்டால் நல்ல எஸ்டி கார்டே போதும், செலவும் குறையும்.

இணையத்தில் பெரும்பாலும் வேகத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். பை 4-ன் கார்டு ஸ்லாட்டில் நொடிக்குச் சுமார் 40 எம்பி வரும். நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் எஸ்எஸ்டி போட்டால் 300-ஐத் தாண்டும். கொட்டகையில் யாரும் உட்கார்ந்து பிரவுசர் திறக்கப் போவதில்லை, அதனால் இந்த வித்தியாசம் உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. நம்ம டெல்டாவில் பார்க்க வேண்டியது, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் என்ன ஆகும் என்பதைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது எப்போது போகும், எத்தனை தடவை வந்து வந்து போகும் என்று யாருக்குத் தெரியும்?

திருவாரூர் பக்கம் நண்பர் ஒருவரின் கொட்டகையில் நேரில் பார்த்தேன். காவலுக்கு இருந்த பெரியவர், "தம்பி, லைட்டு எரியுது, போன்ல ஒண்ணும் வரலையே" என்றார். சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது. பச்சை விளக்கு நாலு தடவை சிமிட்டி, நின்று, மறுபடி நாலு தடவை சிமிட்டியது. பூட் ஆவதற்கு, அதாவது கணினி கிளம்புவதற்கு, வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். கார்டை லேப்டாப்பில் போட்டால் பூட் பகுதி காலியாகத் தெரிந்தது. சென்சார் கணக்கு எழுதப்பட்டதோ வேறு பகுதியில். பூட் பகுதியில் யாரும் எதையும் எழுதவில்லை. அப்படியும் போயிருந்தது.

காரணம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது. ஃபிளாஷ் மெமரியில் சின்னச் சின்னப் பக்கமாக எழுதலாம், அழிப்பது மட்டும் பெரிய பிளாக்காகத்தான் முடியும். அதனால் புதிதாக ஒரு வரி எழுத வேண்டுமானால்கூட, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் பழைய தகவலை இடம் மாற்றி, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் திருத்தும். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனால், சம்பந்தமே இல்லாத கோப்பும் சேர்ந்து போகலாம். பையில் ஓடும் லினக்ஸ் எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலும் இதைக் காப்பாற்றாது. அது கோப்பு முறையின் கணக்கைத்தான் பார்க்கும், கார்டின் உள்கணக்கு அதற்குத் தெரியாது.

அதனால் எழுதுவதையே நிறுத்திவிட்டால் எஸ்டி கார்டு நீண்ட நாள் நிற்கும். பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் கருவியில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் இருக்கிறது. அதை ஆன் செய்து, பூட் பகுதியையும் ரீட்-ஒன்லி ஆக்குங்கள். அதன் பிறகு எழுதுவதெல்லாம் ரேமுக்குப் போய், ரீபூட்டில் மறைந்துவிடும். சென்சார் கணக்கை உடனுக்குடன் வீட்டில் உள்ள கணினிக்கு அனுப்பிவிட வேண்டும். கார்டு வாங்கும்போது டேஷ்கேமுக்கென்று விற்கும் 'ஹை எண்டியூரன்ஸ்' வகையைக் கேளுங்கள். கார்டின் மேல் போட்டிருக்கும் வேகத் தரத்தில் ஏ2 என்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், பை 4-க்கு ஏ1 போதும். போலி கார்டுகள் நிறைய வருகின்றன, வாங்கியதும் எஃப்3 மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

பென் டிரைவ் வேண்டாம். சூடாகும், உள்ளே இருப்பதும் பெரும்பாலும் எஸ்டி கார்டு அளவுக்கான கன்ட்ரோலர்தான்.

கேமராப் பதிவு ஓயாமல் எழுதும் வேலை, அதற்கு எஸ்எஸ்டி. தேய்மானத்தைப் பரவலாகப் பங்கிடும் கன்ட்ரோலர் இதில் இருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை டிரைவே தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலில் பார்க்கவும் முடியும். லேப்டாப்பில் போடும் 2.5 இன்ச் சாட்டா இணைப்பு வகையே போதும். இதில் ஆளைச் சுற்றவிடுவது சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள். அதில் உள்ள சில சிப்புகள் பை 4-ல் யூஏஎஸ் என்ற வேகமான யூஎஸ்பி பரிமாற்ற முறையில் தடுமாறி, நடுவழியில் டிரைவையே தொலைத்துவிடும். பூட் கட்டளை வரியில் அந்தச் சிப்புக்கு மட்டும் யூஏஎஸ்ஸை நிறுத்தலாம். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் நிலையாக ஓடும். யூஎஸ்பி 3 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்பதால், டிரைவைப் பலகையை விட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள். நாலு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். ஆகவே 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அசல் அடாப்டரில் கஞ்சத்தனம் கூடாது.

பை 4 யூஎஸ்பியிலிருந்து நேராகப் பூட் ஆகும் வசதி 2020-ல்தான் வந்தது. உங்களுடையது அதற்கு முந்தைய பலகை என்றால் முதலில் பூட்லோடரை (பலகையைக் கிளப்பும் உள்மென்பொருளை) புதுப்பித்துவிட்டு, ராஸ்பி-கான்ஃபிக்கில் பூட் ஆர்டரை யூஎஸ்பிக்கு மாற்றுங்கள். என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை பற்றியும் படித்திருப்பீர்கள். பை 5-ல் அதற்கென்று பிசிஐஇ இணைப்பு இருக்கிறது, பை 4-ல் வெளியே இல்லை. இந்த வேலைக்காக பை 5-க்கு மாறுவது வீண் செலவு.

எஸ்எஸ்டி போட்டாலும் கரண்டு வெட்டுக்கு முழுக் காப்பு கிடையாது, கரண்டு போன நொடியில் எழுதி முடிக்க மின்சாரம் தரும் கெபாசிட்டர் விலை குறைந்தவற்றில் இருக்காது. ஒரு சின்ன டிசி யூபிஎஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கை அதற்குப் பதிலாக நம்பாதீர்கள், மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறும்போது பலவற்றில் நொடிநேரம் வோல்டேஜ் விழுந்து பை ரீபூட் ஆகிவிடும். எல்லாவற்றையும் வீட்டிலேயே மாட்டி, டிரைவில் இருப்பதை முழு இமேஜாக ஒரு பிரதி எடுத்துவிட்டு, கேமரா பதிவாகிக்கொண்டிருக்கும்போதே சுவர் பிளக்கைப் பலமுறை பிடுங்கிப் பாருங்கள். அதில் தாங்கினால் கொட்டகைக்குக் கொண்டுபோகலாம்.