நீதிபதி ஆகத் தேர்வு கிடையாது, பணமும் கட்டாதீர்கள்

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். கிரீன் கார்டு வந்து இரண்டு வருடமாகிறது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், ஸ்ரீ சீனிவாசன் மாதிரி அமெரிக்க மேல்முறையீட்டு நீதிபதி ஆக வேண்டும் என்கிறாள். பெரிய நீதிபதியிடம், சட்ட ஆய்விலும் தீர்ப்பு எழுதுவதிலும் அவருக்கு உதவும் கிளார்க் வேலை வாங்கித் தருவதாக ஆலோசகர் ஒருவர் 6,000 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கிளார்க்கைத் தேர்ந்தெடுப்பது அந்தந்த நீதிபதிதான். பெரும்பாலும் விண்ணப்பம் போவது ‘ஆஸ்கார்’ என்ற அரசு இணையதளம் வழியாக. அதற்குக் கட்டணமே இல்லை. மதிப்பெண் பட்டியல், அவளே எழுதிய சட்டக் கட்டுரை ஒன்று, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், இவற்றைத்தான் முக்கியமாகக் கேட்பார்கள். இதில் இடைத்தரகருக்கு என்ன வேலை? “நீதிபதி எனக்குத் தெரிந்தவர்” என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். கட்டுரையை “திருத்தித் தருகிறேன்” என்பவர் அதைவிட ஆபத்தானவர். நேர்காணலில் ஒரு வரியைச் சுட்டி ‘ஏன் இப்படி எழுதினாய்’ என்று நீதிபதி கேட்டால், மகள்தான் விழிக்க வேண்டியிருக்கும்.

நம் ஊர் சிவில் நீதிபதி தேர்வு போல அங்கே எதுவும் கிடையாது. ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது, பதவி ஆயுள் முழுக்க. சீனிவாசனின் தந்தை திருநெல்வேலிக்கு அருகே மேலத்திருவேங்கடநாதபுரத்துக்காரர். 1967-இல் சண்டிகரில் பிறந்து கன்சாஸில் வளர்ந்த மகன், 1995-இல் ஸ்டான்ஃபோர்டில் சட்டமும் நிர்வாகமும் சேர்த்து முடித்தார். முதலில் மேல்முறையீட்டு நீதிபதி வில்கின்சனிடமும், பிறகு உச்ச நீதிமன்றத்தில் சான்ட்ரா டே ஓ’கானரிடமும் கிளார்க். அதன்பின் தனியார் சட்ட நிறுவனத்திலும், உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்திலும் பல வருட உழைப்பு. 2012 ஜூனில் பெயர் முன்மொழியப்பட்டது. ஒப்புதல் வந்தது 2013 மே 23-இல், 97–0. எதிர்ப்பே இல்லாத ஒருவரை ஏறக்குறைய ஒரு வருடம் காக்க வைத்த ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! ஆகவே நீதிபதி பதவியைக் குறிவைத்துத் திட்டம் போட முடியாது. கிளார்க் வேலைக்குத் திட்டம் போடலாம்.

இப்போது சட்டக் கல்லூரியில் சேர்வதற்கான எல்சாட் தேர்வு, பிறகு மூன்று வருட ஜே.டி. சட்டப் படிப்பு. முதல் வருட மதிப்பெண்தான் உயிர்நாடி. இரண்டாம் வருடம் முடிந்த ஜூனில் கிளார்க் வேலைக்கு விண்ணப்பம்.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட விஷயம், குடியுரிமை. கூட்டாட்சி நீதிமன்றச் சம்பளம் வெளிநாட்டவருக்குச் சுலபமாகக் கிடைக்காது. கிரீன் கார்டு இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. குடியுரிமையை நாடுபவராக இருக்க வேண்டும். ஐந்து வருடம் முடியும்வரை விண்ணப்பிக்க முடியாது என்பதால் அதுவரை தவறில்லை. முடிந்த பிறகு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஏழு வருடம் கார்டிலேயே ஓட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உங்கள் மகளுக்கு அந்த ஆறு மாதம், சட்டப் படிப்பின் இரண்டாம் வருட வாக்கில், படிப்பு கழுத்தை நெரிக்கும் நேரத்தில் வரும். அவளுடைய கார்டில் ‘ரெசிடென்ட் சின்ஸ்’ என்று அச்சிட்ட தேதி இருக்கும். அதிலிருந்து ஐந்து வருடத்தை எண்ணி, 90 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம் என்பதையும் சேர்த்து, இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள்.