குழந்தைக்கு மெல்லிய குயில்ட்: அடித்துணி எது, உள்பஞ்சு எது?

கேள்வி: அக்காவுக்குப் பங்குனியில் பிரசவம். குழந்தைக்காகத் துண்டுத் துணிகளை இணைத்து ஒரு குயில்ட் (மேல்துணி, உள்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைத்துக்கொண்டிருக்கிறேன். மேல்பக்கம் தயார்: 36 அங்குல அகலம், 40 அங்குல நீளம். அடித்துணிக்கு ஃப்ளானலும், உள்ளே வைக்க 200 ஜிஎஸ்எம் பாலியஸ்டர் ஷீட்டும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். தொட்டுப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கிறது. ஆனால் நாங்கள் இருப்பது மதுரையில். கனமில்லாமல், அடிக்கடி துவைக்கும்படி இருக்க எதை வாங்கலாம்? – வாசகி, மதுரை

பதில்: அந்த இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டாம். ஃப்ளானல் நூலைச் சுரண்டி மேலே பஞ்சு எழுப்பிய துணி. அந்தப் பஞ்சுக்குள் காற்று தங்குவதால்தான் அது கதகதப்பாக இருக்கிறது. அதற்குள் உப்பிய பாலியஸ்டர் ஷீட்டையும் வைத்தால் மதுரை வெயிலில் குழந்தைக்கு வேர்த்துக்கொட்டும். நம் ஊருக்குச் சூடு தரும் அடுக்கு ஒன்றே போதும். ஃப்ளானல்தான் பிடித்திருக்கிறது என்றால் உள்பஞ்சே வைக்காமல் மேல்துணியையும் ஃப்ளானலையும் மட்டும் சேர்த்துத் தையுங்கள். உள்பஞ்சு வேண்டுமென்றால் அடித்துணி சாதாரண மெல்லிய பருத்தியாக இருக்கட்டும்.

நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். உங்கள் குயில்ட் ஏறக்குறைய 0.93 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் ஷீட் வைத்தால் உள்பஞ்சு மட்டுமே 186 கிராம். 100 ஜிஎஸ்எம் என்றால் 93 கிராம். எடையை மட்டும் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. பாலியஸ்டர் எடை குறைவாக இருந்தாலும் உப்பி நிற்கும், வியர்வையை உறிஞ்சாது. ஊசியால் குத்தி அழுத்திய பருத்தி ஷீட் தட்டையாகப் படியும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மடித்தால் மடியும். கைவினைப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. ‘பருத்தி’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் ஜிஎஸ்எம் எவ்வளவு, தையல் வரிகளுக்கு இடையே எத்தனை அங்குலம் வரை விடலாம் என்று கேளுங்கள். அழுத்திய ஷீட் என்றால் பெரும்பாலும் எட்டு அங்குலம் வரை தாங்கும். வெறுமனே அடித்துப் பரப்பிய பஞ்சு என்றால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டியாக வேண்டும். இல்லையென்றால் சில சலவைகளிலேயே ஒரு மூலையில் திரண்டுவிடும். ஜெய்ப்பூர் ரஜாய் எனும் பஞ்சுப் போர்வைகளில் தையல் அவ்வளவு நெருக்கமாக ஓடுவது வெறும் அழகுக்காக அல்ல.

பருத்தி ஷீட் கிடைக்கவில்லையா? ஒரே ஒரு அடுக்கு ஃப்ளானலை நடுவில் வைத்துவிடுங்கள். கோடைக்கு அதைவிட நல்ல உள்ளடுக்கு எனக்குத் தெரியாது. வீட்டில் யாராவது இலவம் பஞ்சை வைக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள். தலையணைக்கு அது அருமையான பஞ்சு. வெயிலில் காயவைத்தாலே புத்துணர்வு பெறும். ஆனால் அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாது. தண்ணீரில் நனைத்தால் கட்டிகட்டியாகிவிடும். குழந்தைத் துணியைத் துவைக்காமல் எப்படி வைத்திருப்பது?

இனி அடித்துணி. கையில் மிக மென்மையாக இருப்பது மல் துணி. அதற்குள் பாலியஸ்டர் வைத்தால், தளர்ந்த நெசவின் இடுக்கு வழியாக வெள்ளை இழைகள் வெளியே எட்டிப் பார்க்கும். அடர்நிற அடித்துணியில் அது கண்ணை உறுத்தும். குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பொருளில் அதை நான் விரும்பமாட்டேன். நெருக்கமான நெசவுள்ள காம்ப்ரிக் வாங்குங்கள். சில சலவைக்குப் பிறகு அதுவும் நன்றாகக் குழைந்துவிடும். ‘பேபி பிளாங்கெட் துணி’ என்று விற்கும் புசுபுசு மிங்கி முழுக்கப் பாலியஸ்டர். தைக்கும்போது இழுபடும், வழுக்கும். மலைப்பகுதியில் இருப்பவர்கள் யோசிக்கலாம்.

அளவு: ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக விட்டால் 42க்கு 46 அங்குலம் வேண்டும். 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியில் ஒட்டுப்போடாமலே முடித்துவிடலாம், ஆனால் சுருக்கத்துக்கு இடம் வைத்து 1.4 மீட்டர் வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவையுங்கள். அப்போதே ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். பருத்தி ஷீட்டும் 3 முதல் 5 சதவீதம் சுருங்கக்கூடும். முதல் சலவையில் குயில்ட்டின் மேல்பரப்பு லேசாகச் சுருக்கம் கொள்வது அதனால்தான். பழுதல்ல.

இன்னொன்றையும் அக்காவிடம் அவசியம் சொல்லுங்கள். முதல் ஓராண்டு முடியும் வரை தூங்கும் குழந்தையின் படுக்கையில் தளர்வான போர்வையோ குயில்ட்டோ இருக்கக் கூடாது என்பதே அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அகாடமியின் பரிந்துரை. முகத்தின் மேல் ஏறினால் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. விழித்திருக்கும்போது, அருகில் ஒருவர் இருக்க, தரையில் விரித்துக் குப்புறப் படுக்கவிட இந்தக் குயில்ட் மிகப் பொருத்தம். இந்தப் பயனுக்குத் தட்டையாக இருப்பதுதான் நல்லது. கண்ணாடி, பொத்தான், தொங்கும் லேஸ் எதுவும் வேண்டாம்.

கேள்வி: ‘நூறு சதவீதப் பருத்தி’ என்று விற்ற உள்பஞ்சு ஷீட்டில் ஒரு துளியை எரித்துப் பார்த்தேன். உருகி உருண்டையானது. வெட்டிய சரக்கைத் திருப்ப முடியாது என்கிறார்கள். – வாசகர், திருச்சி

பதில்: முதலில் எவ்வளவு உருகியது என்று பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான கருமணியாகும். சில பருத்தி ஷீட்டுகளில் இழைகளைப் பிடித்து நிறுத்த மிக மெல்லிய பாலிப்ரொப்பிலீன் வலையைச் சேர்ப்பார்கள். அதனால் பெரும்பகுதி சாம்பலாகி, துளி மட்டும் உருகியிருந்தால் அந்த வலையாக இருக்கலாம்; அப்போதும் நூறு சதவீதம் என்று விற்றது சரியல்ல. மொத்தமும் உருகியிருந்தால் உங்களுக்கு விற்றது வேறு சரக்கு. ‘வெட்டியதைத் திருப்ப முடியாது’ என்ற விதி சரியான சரக்குக்குத்தான் நியாயம். பில், விளம்பரத்தின் படம், மீதித் துண்டு மூன்றையும் பத்திரப்படுத்தி, முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது.

கேள்வி: தாத்தாவின் பழைய வேட்டியை அடித்துணியாகப் போடலாமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. இனிச் சுருங்காது, சாயம் போகாது. வெளிச்சத்தில் பிடித்து, இற்றுப்போன இடங்களைத் தவிர்த்து வெட்டுங்கள். சரிகைக் கரையை நீக்கிவிடுங்கள், மென்தோலை உரசும். மிக நைந்திருந்தால் அடித்துணியாக வேண்டாம். இரண்டாக மடித்து நடு அடுக்காக வைத்துவிடுங்கள்.