மதகில் சென்சர் வைக்கலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரான் பக்கத்து இளைஞர் கழகத்தவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாரியில் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் தோணியா, உழவு இயந்திரமா, எதைக் கொண்டுபோவது என்று தெரியாமல் கரையில் நின்று ஒவ்வொருவருக்கும் போன் போடுகிறோம். மதகுகளில் நீர்மட்டம் அளக்கும் கம்பியில்லா சென்சர் வைத்தால் உதவுமா? டவர் வேலை செய்யாவிட்டால்?"

நிச்சயமாக உதவும். ஆனால் காசு செலவழிக்க முன் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வழி பாருங்கள். சிம் போட்ட பெட்டி, டவரின் பற்றறி தீர்ந்ததும் ஊமையாகிவிடும். லோரா வகை ரேடியோவுக்கு டவர் தேவையில்லை. மிகக் குறைந்த மின்சாரத்தில், வயல்வெளியில் சில கிலோமீற்றர் தூரம் சிறு செய்தியை அனுப்பும். நனைந்த தென்னந்தோப்பு குறுக்கே வந்தால் தூரம் குறையும், அன்ரனாவை உயரக் கட்டுங்கள். ஒவ்வொரு பெட்டியின் செய்திக்கும் இரண்டு வழி இருக்கட்டும். ஒரு வழியில் உள்ள பெட்டியை வெள்ளம் அள்ளினாலும் மற்ற வழி செய்தியைக் கொண்டுபோகும். செய்தி வந்து சேரும் இடம் மேட்டில் உள்ள பாடசாலையாகவோ கோயில் மண்டபமாகவோ இருக்கலாம். அங்கே தனிப் பற்றறியும் சைரனும் வேண்டும். எந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டென்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நீர்மட்டத்துக்கு மீயொலிச் சென்சர் போதும். பாலத்தின் கீழ் தொங்கி, ஒலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கும். ஆனால் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மிதந்து வந்து சென்சருக்குக் கீழே போனால், ஒலி அதன் இலையில் பட்டுத் திரும்பி, தண்ணீர் திடீரென ஏறியதுபோல் காட்டும். பத்துத் தடவை அளந்து நடு அளவை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். மதகுச் சுவரில் அடிக்கணக்கைப் பெயின்ரால் எழுதியும் வையுங்கள், கண்ணால் சரிபார்க்கலாம்.

அளவின் பூச்சியத்தை ஆற்றின் அடியில் வைக்காமல் வீதி மட்டத்தில் வையுங்கள். இருட்டில் நிற்கும் மீட்புப் படையினருக்கு "வீதிக்கு மேல் ஒன்றரை அடி" என்று வந்தால்தான் பயன். ஆழம் மட்டும் பார்த்து உழவு இயந்திரத்தை இறக்கிவிடாதீர்கள். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். 2024 நவம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு போன மாணவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறுகிறது. முடிந்தால் ஒரு மதகிலாவது நீரோட்ட வேகத்தையும் அளவிடுங்கள்.

பற்றறி, வெயிலே இல்லாமல் பத்து நாள் தாங்க வேண்டும். சாதாரண நாளில் கால் மணிக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும். மட்டம் ஏறத் தொடங்கினால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை.

அப்புறம், உறுகாமம் குளத்தின் வான்கதவு திறக்கும் அறிவித்தலை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் தொடர்ந்து கேளுங்கள், அதைச் சென்சர் சொல்லாது. உங்கள் அளவுகள் கிராம உத்தியோகத்தருக்கும், 117 என்ற தொலைபேசி இலக்கத்தில் கிடைக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் போகட்டும்.

ஒக்டோபரில், மழைக்கு முன், ஒரு நாள் எல்லோரும் போனை அணைத்துவிட்டு, மதகின் சென்சருக்குக் கீழே ஒரு பலகையை மெதுவாக உயர்த்திப் பாருங்கள். மண்டபத்தில் சைரன் அடிக்கிறதா?