பள்ளி கவுன்சிலர் தொழில்முறைச் சங்கத்தில் சேர வேண்டுமா? சான்றிதழைத் தவிர வேறு பயன் உண்டா, இல்லை காசு தண்டமா?

எம்.எஸ்சி. உளவியல் முடித்து, ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் கவுன்சிலராகச் சேர்ந்து முதல் வருடத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "காசு தண்டமா" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் இருப்பார்கள். சம்பளம் குறைவு, சங்கக் கட்டணம் கைக்காசு, மாநாட்டுக்குப் போனால் சி.எல். போகும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன், சேருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை, யாருக்கும் ஆள் சேர்த்துக் கொடுக்கவும் இல்லை. சாதாரண உறுப்பினர், திருச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை. "சங்கம் எல்லாம் நாலு பேர் சால்வை போட்டுக்கொள்ளத்தான்" என்று யாராவது கமெண்டில் எழுதுவார்கள் என்று தெரியும். அப்படிப்பட்ட சங்கங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. நான் சொல்வது வேறு விஷயம்.

ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொள்ளலாம். கவுன்சிலர் ஒரே ஆள். உங்கள் வேலை என்ன என்பது பிரின்ஸிபாலுக்கே பாதிதான் தெரியும். நீங்கள் செய்தது சரியா என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கிடையாது. சங்கம் தேவைப்படுவது இதற்குத்தான்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை வகுப்பு ஆசிரியை என்னிடம் அனுப்பினார். படிப்பு வரவில்லை, சோம்பேறி, கிளாஸில் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது புகார். அவனுடைய அறிவியல் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுதியதை விட அழித்ததுதான் அதிகம். ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து, சில இடங்களில் கிழிந்து அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. 'சவுண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தான். நோட்டை மூடி வைத்துவிட்டு, எதிரொலி என்றால் என்ன, வாயால் சொல்லு என்றேன். "மலைக்கோட்டைல ஏறும்போது குகை மாதிரி வரும்ல மிஸ், அங்க கத்துனா சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பி வரும். சுவரு ரொம்பப் பக்கத்துல இருந்தா தனியா கேக்காது, நம்ம குரலோடயே கலந்துரும்" என்றான். கடைசி வாக்கியம் எத்தனை பேர் எழுதும் பதிலில் இருக்கும்? பாடம் புரியாத பையன் சொல்கிற பதிலா அது?

இரண்டு நாளில் பிரின்ஸிபால் கூப்பிட்டார். "பத்தாவது போர்டுல இவன் நிக்க மாட்டான் மேடம். மனரீதியா பாதிப்பு இருக்கு, வேற ஸ்கூல் போறது நல்லதுன்னு ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க. டி.சி. விஷயத்தைப் பேரண்ட்ஸ்கிட்ட நாங்க பேசிக்கிறோம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நூறு சதவீதம் என்று பேனர் கட்டச் சொல்லி அவர் தலைக்கு மேலே இருப்பவர்கள் நெருக்குகிறார்கள். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியது நான். அந்தத் தாள் அந்தப் பையன் போகிற இடமெல்லாம் கூடவே போகும்.

முந்தின வருடம் ஒரு சங்கத்தின் பயிலரங்கில் பழக்கமான மூத்த உளவியலாளர் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்றவர். சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். பையனின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் எடுத்த எடுப்பில் அறிவுரை சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். சத்தமாக வாசிக்கச் சொன்னீர்களா? போர்டைப் பார்த்து எழுதுவதும் சொல்வதைக் கேட்டு எழுதுவதும் ஒரே மாதிரி இருக்கிறதா? சின்ன வகுப்பிலிருந்தே இப்படியா, நடுவில் ஆரம்பித்ததா? கண், காது பார்த்தாயிற்றா? வீட்டில் யாருக்காவது இதே கஷ்டம் இருந்ததா? எல்லாம் கேட்டுவிட்டு, "நோய்ப் பேர் எதுவும் எழுதாதீங்கம்மா, அதை எழுத உங்களுக்கு அதிகாரம் இல்ல. பாத்ததை மட்டும் எழுதுங்க. மதிப்பீட்டுக்கு அனுப்பணும்னு எழுதுங்க. 2016 சட்டத்துல 16வது பிரிவைப் பிரிண்ட் எடுத்து கூட வைங்க" என்றார்.

2016 சட்டம் என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு', அதாவது புத்தி இருந்தும் வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ வரும் தடுமாற்றம், அதில் 21 வகைகளில் ஒன்றாக வருகிறது. அப்படிப்பட்ட குழந்தைகளைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டிய பொறுப்பைக் கல்வி நிலையங்கள் மேல் வைப்பது 16வது பிரிவு. வெளியே அனுப்பு என்று அதில் எங்கேயும் இல்லை. சி.பி.எஸ்.இ.யும் இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம், இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி மட்டும் படிக்கலாம். அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கிப் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வாசிக்க எவ்வளவு நேரம் எடுத்தான், எந்தெந்த எழுத்தில் தடுமாறினான், வாய்மொழியாக எப்படிப் பதில் சொன்னான், அவ்வளவுதான். கூடவே சட்டப் பிரிவு, சலுகை விவரம், அப்புறம் அமெரிக்காவின் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம், அதாவது நாஸ்ப், 2020இல் வெளியிட்ட நெறிமுறையிலிருந்து ஒரு பக்கம். அது நம் ஊரில் யாரையும் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் இந்த வேலைக்கென்று எழுதி வைத்த நெறி இருக்கிறது, இவள் சொந்தப் பிடிவாதத்தில் பேசவில்லை என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா? பிரின்ஸிபால் நின்றபடியே வாசித்தார், அப்புறம் உட்கார்ந்து இன்னொரு தடவை வாசித்தார். டி.சி. பேச்சு அதோடு நின்றது. மதிப்பீடு முடிந்து சான்றிதழ் வந்தது. கூடுதல் நேரத்தோடு பையன் பத்தாவது எழுதிப் பாஸ் செய்தான். இந்த வேலையில் எனக்குப் பெருமையான விஷயம் எது என்று கேட்டால் அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

"சட்டம் இணையத்திலேயே இருக்கிறதே, சங்கம் எதற்கு?" என்று கேட்கலாம். இருக்கிறதுதான். ஆனால் மறுநாள் காலை ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் எதைத் திறக்க வேண்டும், எதை எழுதக் கூடாது என்று சொல்ல, அதே இடத்தில் நின்று பார்த்த ஒருவர் வேண்டும். அவர் எனக்குக் கிடைத்தது சங்கத்தில்தான்.

சரி, எங்கே சேருவது? பள்ளி உளவியலுக்கென்றே இங்கே இருப்பது இந்தியப் பள்ளி உளவியல் சங்கம், இன்ஸ்பா என்பார்கள். புதுச்சேரியோடு தொடர்புள்ள அமைப்பு என்பதால் நமக்கு அந்நியமாக இருக்காது. உலக அளவில் ஐ.எஸ்.பி.ஏ. என்ற சர்வதேசப் பள்ளி உளவியல் சங்கம் இருக்கிறது. நாஸ்ப் 1969இல் தொடங்கியது. 500 மாணவர்களுக்கு ஒரு பள்ளி உளவியலாளர் வேண்டும் என்று பரிந்துரைப்பது அவர்கள்தான். அதில் உறுப்பினராகாமலேயே அவர்களுடைய நெறிமுறையை இணையத்தில் படிக்கலாம். அதை மட்டுமாவது இந்த வாரமே இறக்கிப் படியுங்கள். 1968லிருந்து இருக்கும் ஐ.ஏ.சி.பி. கிளினிக்கல், அதாவது மருத்துவ உளவியல், படித்தவர்களுக்கான சங்கம், உங்கள் படிப்புக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்று பார்த்தால், சங்கத்துக்கு வெளியேதான் எனக்கு அதிகம் கிடைத்தது. டிஸ்லெக்சியா என்பது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு; சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சி கவுன்சிலருக்கும் ரொம்ப உதவும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் நீப்மெட் என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்தில் தொடர் கல்வி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி.யின் வழிகாட்டுதல், ஆலோசனைக்கான டிப்ளமோவை மைசூரு மண்டல நிறுவனத்திலும் நடத்துகிறார்கள். பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் இணையவழி வகுப்புகளையும் பாருங்கள். லீவு கேட்கும்போது ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். சி.பி.எஸ்.இ. ஆசிரியர்களுக்கு வருடத்துக்கு 50 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்டி ஓ.டி., அதாவது லீவு போகாமல் வேலை நாளாகவே கணக்கு வைக்கும் அனுமதி, கேட்டால் சில நிர்வாகங்கள் ஒத்துக்கொள்ளும்.

இங்கே என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் வேறு எங்கே சொல்வது? எனக்கு ரொம்ப நாள் தனி அறை கிடையாது. விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் வாலிபால் நெட், இன்னொரு பக்கம் ஆண்டு விழாவுக்குச் செய்த அட்டைக் கிரீடங்கள். ஒரு பெண் பிள்ளை வீட்டில் நடப்பதை முதல் தடவையாக வாய்திறந்து சொல்ல ஆரம்பிப்பாள். அந்த நேரம் பார்த்துப் பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் எடுக்க யாராவது உள்ளே வருவார்கள். அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஒண்ணுமில்ல மிஸ்" என்று எழுந்து போய்விடும், மறுபடி வராது. 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 100 பேர் அல்லது அதற்கு மேல் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு, நம்மைப் போன்றவர்களுக்கு வேலையும் கூடும். ஆனால் ஆளை மட்டும் போட்டுவிட்டு, தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு கொடுக்காவிட்டால் அந்த ஆள் என்ன செய்வார்? சப்ஸ்டிடியூஷன் பீரியடுக்கு அனுப்புவார்கள், ஐ.டி. கார்டு சோதிக்கும் வேலை கொடுப்பார்கள். காலையில் ஐ.டி. கார்டு இல்லை என்று நான் அதட்டிய பிள்ளை மத்தியானம் என்னிடம் வந்து மனதைத் திறக்குமா? சங்கங்கள் மாநாட்டு மலர் போடுவதோடு நிற்காமல் இதையும் கையில் எடுக்க வேண்டும். பள்ளி கவுன்சிலருக்கு என்ன வேலை கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று எழுதி ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பலாமே. இதைப் பொதுக்குழுவில் எழுந்து சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

கிளினிக்கல் படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒன்று சொல்ல வேண்டும். ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், தரும் பதிவு எண் இல்லாதவர்கள் எல்லாம் போலி என்கிற மாதிரி சில கூட்டங்களில் பேசுகிறார்கள். பள்ளி கவுன்சிலர் என்ற பெயரில் அங்கே பதிவுப் பிரிவே இல்லாதபோது நாங்கள் எங்கே போய்ப் பதிவு செய்வது? நோயைக் கண்டறிந்து சொல்ல நாங்கள் கிளம்பவில்லை. வகுப்பறையில் முதலில் கவனிப்பவர்கள் நாங்கள், உரிய இடத்துக்கு அனுப்பி வைப்பவர்கள் நாங்கள். அந்த எல்லையைத் தாண்டுபவர்களை நானும் ஆதரிக்கவில்லை.

பணம் கட்டும் முன் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கேஸ் விவாதக் கூட்டம் எவ்வளவு நாளைக்கு ஒரு முறை, பள்ளியில் வேலை பார்க்கும் உறுப்பினர்கள் உங்கள் மாவட்டத்தில் யாராவது இருக்கிறார்களா, நெருக்கடி வந்தால் பேச மூத்தவர்களின் எண் கொடுப்பார்களா என்று கேளுங்கள். 'சர்வதேச வாழ்நாள் உறுப்பினர்' என்று ஒரே வாரத்தில் சான்றிதழ் அனுப்பும் கூட்டத்திடம் இந்த மூன்றுக்கும் பதில் இருக்காது. அப்படியென்றால் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு முட்டுக்காட்டுக்கோ டிஸ்லெக்சியா பயிற்சிக்கோ போய்விட்டு வாருங்கள். அங்கே பக்கத்து நாற்காலியில் இருக்கும் கவுன்சிலரின் போன் நம்பரை வாங்க மறக்காதீர்கள்.